நான் வைக்காத தவளை

பன்னிரண்டு நாள் நீரின் மேல்,
ஏழு நாள் கரையில்.
மாதம் என்பதை நாங்கள் இப்படித்தான் எண்ணுகிறோம்.
சிலோயே தீவு, கெம்ச்சிக்கு எதிர்க்கடல்,
மிதவை வீட்டின் மேல்தட்டில்
இரவுக் காவல் எனக்கு.

எதிரே பெரிய திரை:
பத்துக் கூண்டுகள், கூண்டுக்கு ஐம்பதாயிரம் சால்மன்,
கூண்டுக்கு ஓர் எண்.
ஏழு என்றால் மூச்சு இருக்கிறது.
ஐந்துக்குக் கீழே என்றால் எலியேசரை எழுப்ப வேண்டும்.
மூன்று என்றால்
எழுப்பியும் பயனில்லை.

மடியில் சின்னத் திரை:
உள்ளங்கை அளவில் ஒரு குளம்.

தங்கை மகள் இறக்கிக் கொடுத்த விளையாட்டு.
"அத்தனை நேரம் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாய்" என்றாள்.
எதிரி இல்லை, கடிகாரம் இல்லை, புள்ளிக்கணக்கு இல்லை.
விரலால் தேய்த்தால் மழை.
கூழாங்கல் வைத்தால் பாசி வரும்,
பாசியின் வாசனைக்கு நத்தை வரும்,
நத்தை வந்த செய்தி எப்படியோ
நாரைக்குத் தெரிந்துவிடும்.

முதல் வாரம் வேலைப் புத்தியிலேயே ஆடினேன்.
மீன். மீன். இன்னும் மீன்.
நாலாம் நாள் குளம் கஞ்சியாய்த் திரண்டது.
நத்தைகள் நாணல் நுனிக்கு ஏறி
அங்கேயே ஒட்டிக்கொண்டன.
தோற்றாய் என்று எழுதிக் காட்டவில்லை விளையாட்டு.
தவளைச் சத்தத்தை மட்டும்
எடுத்துவிட்டது.

மார்ச்சில் கடலே அப்படித் திரண்டது.
மூன்று நாள் தேநீர் நிறத்தில் நின்றது நீர்.
ஆறாம் கூண்டு: நாலு, மூன்று, இரண்டு.
வெள்ளை வயிறுகளை விடிய விடிய அள்ளினோம்.
நாற்றம் கையுறையைத் தாண்டி
ரொட்டியில் ஏறியது.
அன்றைக்கும் யாரும் தோற்றாய் என்று எழுதவில்லை.
படிவத்தில் 'இழப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது.
என் கையெழுத்து அழகு என்பதால்
என்னையே நிரப்பச் சொன்னார்கள்.

பிறகு குளத்துக்கு ஒரு நீர்நாய் வந்தது.
இரவுக்கு மூன்று மீன், சில நாள் ஐந்து.
அழுத்திப் பிடித்தால் போதும், நீக்கலாம்;
சிவப்பு வட்டம்கூட வந்துவிட்டது விரலடியில்.
வெளியே வலையோரம் கடற்சிங்கம் ஒன்று
கரகரத்துக் கனைத்தது.
அதைக் கண்டால் பட்டாசு வெடிக்கச் சொல்லி உத்தரவு;
டப்பா என் காலடியில் இருக்கிறது.
விரலை எடுத்துவிட்டேன்.
இரக்கம் என்று நினைக்க வேண்டாம்.
தூக்கக் கலக்கம், கொஞ்சம் சோம்பல்.

அதற்குப் பிறகுதான் கரைக்குப் போனது.
ஏழு நாளும் மழை.
உருளைக்கிழங்கு தோண்டிய வீட்டில் சிக்னல் இல்லை,
குளத்தின் ஞாபகமும் இல்லை.

திரும்பி வந்து திறந்தால்
மீன் பாதி. நீர் தெளிந்திருந்தது, அடிமணல் தெரிய.
கோணலாய் வைத்து, திருத்த மறந்த கல்லின் மேல்
ஒரு தவளை.
நான் வைக்காதது.
என் பட்டியலில் அந்த நிறமே கிடையாது.
தராசு முள் நடுவில் நிற்கும் என்று
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
நிற்கவில்லை. நடுங்கிக்கொண்டே இருக்கிறது.
அந்த நடுக்கத்தின் மேல் ஏறி
வசதியாக உட்கார்ந்திருக்கிறது இது.

நாலரை மணி.
ஆறாம் கூண்டு ஐந்து புள்ளி எட்டு.
ஐந்து புள்ளி நாலு.
காற்று இயந்திரத்தை முடுக்குகிறேன்.
தரை அதிர்கிறது, ஜன்னல் அதிர்கிறது,
ஆறிய காப்பியில் வட்டம் வட்டமாய் அலை.
கீழே எலியேசர் தூக்கத்தில் யாரையோ ஏசுகிறான்.
செல்பேசி மேசை மேல் மெல்ல மெல்ல நகர்ந்து
விளிம்புவரை வந்துவிட்டது.
ஒரு கையால் அதைப் பிடித்தபடி
பெரிய திரையைப் பார்த்திருக்கிறேன்.

ஐந்து புள்ளி இரண்டு.
ஐந்து புள்ளி இரண்டு.
ஐந்து புள்ளி
மூன்று.